வட்டாரம் வந்துவிட்டது, வேலை எப்போ வரும்?

கொத்மலைப் பக்கம் தேர்தல் வந்தால் முதலில் அது தெரிவது லயத்துச் சுவரில்தான். போஸ்டர் ஒட்டி முடிந்ததும் ஆட்கள் வருவாங்க. "தம்பி, நீங்க நம்ம சங்கம்தானே?" என்பதுதான் முதல் கேள்வி. இது எந்த வட்டாரம், இங்கே என்ன வேலை செய்ய வேண்டும், அதற்குக் காசு எங்கிருந்து வரும் என்ற பேச்சு கடைசியில் வரும். பல இடங்களில் வராமலே போகும். 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலும் பெரும்பாலும் இப்படித்தான் போனது.

பிரதேச சபைத் தேர்தலை நாம் இன்னும் சங்கத் தேர்தல் மாதிரியே பார்க்கிறோம். இது மாறவேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து. ஆனால் நம்ம ஆட்கள் ஏன் இப்படிப் பழகினார்கள் என்று விளங்காமல் யாரையும் குறை சொல்ல முடியாது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஊருக்கு ஊர் கிராமச் சங்கங்கள் இருந்தன. வீதி, கிணறு, சந்தை எல்லாம் அவற்றின் பொறுப்பு. 1930களின் கடைசியில் அந்தச் சங்கங்களுக்கான வாக்குரிமை பற்றிப் பேச்சு வந்தபோது, தோட்டத்தில் வாழும் தொழிலாளிக்கு அதில் இடமில்லை என்று ஆக்கினார்கள். தோட்டம் துரையின் நிர்வாகத்தில் இருக்கிறது, கிராமத்து விசயத்தில் இவர்களுக்கு என்ன வேலை என்பதுதான் அன்றைய நியாயம். இந்தியத் தமிழர் மீது அன்று இருந்த இந்த மாதிரி நெருக்கடிகளுக்கு நடுவில்தான் 1939இல் நேரு இலங்கைக்கு வந்தார், இலங்கை இந்தியக் காங்கிரசும் உருவானது.

நாடாளுமன்றத்தில் கொஞ்ச காலம் கதவு திறந்திருந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. நமக்குப் பக்கத்தில் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, நுவரெலியாவில் எஸ். தொண்டமான். அடுத்த வருசமே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்காளர் இடாப்பிலிருந்தும் பெயர்களை எடுத்தார்கள். 1952 தேர்தலில் நம்ம ஆட்கள் ஒருவர்கூட நாடாளுமன்றத்துக்குப் போகவில்லை. 1960 தேர்தலுக்கு எல்லை மாற்றி வரைந்தபோது தலவாக்கலை, கொட்டகலை என்ற தொகுதிகளே இல்லாமல் போய்விட்டன. டவுன் அங்கேயே இருந்தது, தோட்டமும் இருந்தது. தொகுதி மட்டும் இல்லை.

பறிபோன வாக்கு தவணை முறையில்தான் திரும்பி வந்தது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 1988இல் ஒரு சட்டம், கடைசியாக 2003இல் இன்னொரு சட்டம். இதற்கிடையில் உள்ளூராட்சி முறையும் மாறியது. கிராம சபைகள் போய், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிரதேச சபைகள் வந்தன. 1991இல் அவற்றுக்கு முதல் தேர்தல் நடந்தது. ஆனால் அது விகிதாசாரத் தேர்தல். கட்சிக்கும் விருப்பு இலக்கத்துக்கும் புள்ளடி போடலாம், வட்டாரம் என்று ஒன்று கிடையாது. அதாவது நம்ம ஆட்கள் பெருந்தொகையாக வாக்குச்சாவடிக்குத் திரும்பிய நேரத்தில், "இவர்தான் எங்க பகுதி மெம்பர்" என்று கைநீட்டிக் காட்ட ஒருவரும் இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. அதன் 33ஆம் பிரிவு, சபையின் காசைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவழிக்கத் தடையாக நின்றது. தோட்டத்து வாக்கில் ஒருவர் மெம்பராகலாம், தவிசாளராகவும் வரலாம். ஆனால் தன் லயத்துக்குப் போகிற பாதைக்கு ஒரு லோட் கல் இறக்க வேண்டுமென்றால் சட்டம் குறுக்கே நிற்கும். கிராமத்துக்குச் சபை ரோடு போடும், அந்த ரோடு தோட்டத்து எல்லையோடு முடிந்துவிடும்.

சபையால் முடியாததை யார் செய்தார்கள்? தோட்ட நிர்வாகம் கொஞ்சம், ட்ரஸ்ட் கொஞ்சம், மிச்சம் அமைச்சர்மாரின் ஒதுக்கீடு. கொங்கிறீட் பாதையாகட்டும், தண்ணீர்த் தாங்கியாகட்டும், "அவர் போட்டுக் கொடுத்தது" என்றே பேர் நிலைத்தது. சாதாரண ஊரில் வரிக்காசில் சபை செய்யும் வேலை, நமக்குத் தலைவர் தந்த பரிசாக மாறியது. நாமும் மாலை போட்டுப் பழகிவிட்டோம். சங்கத்தைப் பார்த்து வாக்குப் போடும் பழக்கம் இங்கிருந்துதான் வந்தது. அது அறியாமை இல்லை. அன்றைக்கு இருந்த ஒரே வழி அது.

2018இல் மூன்று விசயங்கள் மாறின. முதலாவது, வட்டாரம் திரும்பி வந்தது. 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல் என்ற கலப்பு முறையில் அந்த வருசம் பெப்ரவரி 10இல் தேர்தல் நடந்தது. இரண்டாவது, நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகளைப் பிரித்து அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் சபைகளை உண்டாக்கினார்கள். மாவட்டத்தில் 5 பிரதேச சபைகள் 9 ஆகின. அதற்கு முன்பு அந்த இரண்டு சபைகளுக்குக் கீழேயும் தலா இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் இருந்தது. நாலாயிரம் பேரளவில் வாழும் நெடுந்தீவுக்கும் ஒரு பிரதேச சபை இருக்கிறது என்பதை நினைத்தால் வித்தியாசம் விளங்கும். மூன்றாவது, 33ஆம் பிரிவைத் திருத்தினார்கள். தோட்டத்துக்குள்ளும் சபை வேலை செய்யலாம் என்று ஆனது.

அந்தப் பிரிப்பில் கொத்மலை வரவில்லை. ஒரே பிரதேச சபையாகத்தான் தொடர்ந்தது. ஆனால் முதலாவதும் மூன்றாவதும் நமக்கும் பொருந்தும். வட்டாரத்துக்கு ஒரு மெம்பர் இருக்கிறார், தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டமும் இருக்கிறது. பிறகு ஏன் இன்னும் சபையில் கேட்டால் "தோட்டத்து ஆபிசில கேளுங்க" என்றும், ஆபிசில் கேட்டால் "சபையில கேளுங்க" என்றும் பதில் வருகிறது?

இதற்கு அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் பேசத்தான் வேண்டும். காணி இன்னும் கம்பெனிகளின் நீண்டகாலக் குத்தகையில்தான் இருக்கிறது. சபைகளிடம் காசும் குறைவு. லயத்தில் இருப்பவர்கள் சபைக்கு வரி கட்டுவதில்லையே, எந்தக் காசில் செய்வது என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் நிரந்தரப் பயிர்ச்செய்கைக் காணிகளுக்கு ஏக்கர் வரி விதிக்க அதே பிரதேச சபைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தேயிலை மலைக்கு வரி போடலாம், அந்த மலையில் கொழுந்து பறிப்பவர் நடக்கும் பாதைக்குச் செலவழிக்க யோசிக்க வேண்டும் என்றால் அது என்ன கணக்கு? காசு போதாது என்பது உண்மையாக இருந்தால், இருக்கிற காசில் எந்த வட்டாரத்துக்கு எவ்வளவு போனது என்று காட்டட்டும். அதைப் பார்த்த பிறகு பேசலாம்.

வட்டார முறையில் இன்னொரு குறையும் இருக்கிறது. பெண்களுக்கு 25 வீத இடம் என்று சட்டம் வந்தது நல்ல விசயம். ஆனால் வேட்புமனுவில் வட்டாரத்துக்கு 10 வீதம், பட்டியலுக்கு 50 வீதம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கட்சிகளுக்கு இது வசதி. வட்டாரத்தில் ஆண் நிற்பார், பெண்ணின் பேர் பட்டியலில் இருக்கும். மலையில் கொழுந்துக் கூடை சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தண்ணீர் இல்லாத வீட்டையும், விளக்கில்லாத பாதையையும் அவர்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் "இது என் வட்டாரம், நான்தான் பொறுப்பு" என்று சொல்லும் இடம் அவர்களுக்குக் கிடைப்பது அரிது. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர்களிடம் இதைக் கேட்போம்: "அண்ணே, எங்க வட்டாரத்துக்கு ஏன் ஒரு அக்காவைப் போடல?"

2023 மார்ச்சில் நடக்கவேண்டிய தேர்தலைக் காசில்லை என்று தள்ளிப் போட்டார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரண்டு வருசத்துக்கும் மேல் நாட்டின் பெரும்பாலான சபைகளில் மக்கள் தெரிவு செய்த மெம்பர் இல்லை. அந்தக் காலத்தில் நம்ம லயங்களில் எத்தனை பேர் "மெம்பர் இல்லையே" என்று கவலைப்பட்டோம்? நேர்மையாகப் பார்த்தால் ரொம்பக் கொஞ்சப் பேர்தான். இருந்தபோது என்ன நடந்தது என்று தெரிந்தால்தானே இல்லாதபோது தேடுவோம்.

சங்கம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சம்பளத்துக்கும் வேலைநாளுக்கும் சங்கம் வேண்டும். ஆனால் ரோட்டுக்கும் குப்பைக்கும் தெருவிளக்குக்கும் நூலகத்துக்கும் பதில் சொல்ல வேண்டியது சபை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய வேலை நம்ம தலைமுறையுடையது. அம்மா அப்பாவுக்கு அந்த வாய்ப்பைச் சட்டமே கொடுக்கவில்லை.

ஒரு சின்ன வேலையோடு தொடங்கலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி சபையின் தகவல் அதிகாரியிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். கேட்டதற்கு ஏன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்து அறிவிக்க வேண்டும். கேள்வி ஒன்று போதும்: 2018க்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியிலிருந்து செலவழித்த தொகை எவ்வளவு, எந்தெந்த வேலைக்கு?

பதில் வந்தால் அதை ஒரு தாளில் எழுதி, போஸ்டர் ஒட்டுகிற அதே லயத்துச் சுவரில் ஒட்டுவோம். அடுத்த தேர்தலுக்கு வருகிறவர்கள் அதை வாசித்துவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும்.