மிட்டாய் தின்றதால் வந்த நோய் அல்ல

வெண்ணந்தூர் என்றால் தறியும் அவல் மிட்டாயும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தப் பக்கத்துக் காலனி ஒன்றில் ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு முதல் வகை சர்க்கரை நோய் என்று தெரியவந்தபோது, அக்கம்பக்கத்தில் எழுந்த முதல் பேச்சு இதுதான்: "மிட்டாயா வாங்கிக் குடுத்தே புள்ளயக் கெடுத்துட்டாங்க." தாய் தறிப்பட்டறைக்குப் போகிறவர். அவரும் அதை நம்பிவிட்டிருந்தார். நாங்கள் போன அன்று முதலில் சொன்னது, "அக்கா, இது மிட்டாயால வந்ததும் இல்ல, நீங்க செஞ்ச தப்பும் இல்ல" என்பதைத்தான்.

தோழர்களே, இதை நாம் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது இந்த நோய். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், நிறுத்தியிருந்த குழந்தை மறுபடி படுக்கையை நனைப்பது, உடம்பு இளைப்பது ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றைக் கவனிக்காமல் விட்டால் வாந்தியும் மூச்சிரைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். இன்சுலினுக்கு மாற்றாக ஒரு கஷாயமும் கிடையாது, மந்திரிப்பும் கிடையாது. ஊசியை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் குழந்தையின் உயிரோடு விளையாடுகிறார்.

அந்தத் தாய் எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மத்தியானம் பள்ளிக்கூடத்துல யாருப்பா ஊசி போடுவாங்க?"

ஆறு வயதுக் குழந்தை தானாக அளவு பார்த்து ஊசி போட்டுக்கொள்ள முடியாது. தாய் பட்டறையை விட்டு வந்தால் அன்றைய கூலியில் கை வைப்பார்கள். பள்ளியில் கேட்டபோது, "எங்களால பொறுப்பு ஏத்துக்க முடியாது, வீட்லயே வச்சுக்கங்க" என்ற பதில் வந்தது. பயம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் ஊசி போட, குழந்தையின் விரலைப் பிடித்து ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டும். 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சமைத்த சத்துணவை எங்கள் பிள்ளைகள் உண்ண மாட்டார்கள் என்று சொன்ன ஊர் நாம் வாழும் இதே கொங்குப் பகுதியில்தான் இருக்கிறது. நம் கை தொட்ட சோற்றையே மறுக்கும் சமூகத்தில் நம் குழந்தையின் விரலைத் தொடுவது யார் என்று கேட்காமல் இருக்க முடியுமா?

குழந்தைக்கு நடுக்கமும் வியர்வையும் வந்து சர்க்கரை இறங்கினால், நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். அந்த நேரத்தில் இனிப்புதான் மருந்து. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். ஒரு வாத்தியார் அரை நாளில் கற்றுக்கொள்ளக்கூடியதுதான் இது.

1922இல் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் செலுத்தப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையைத் தலா ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். நூறு ஆண்டு கடந்தும் காலனி வீட்டில் கணக்கு வேறாக இருக்கிறது. நாளுக்கு நான்கு முறை சோதித்தால் மாதம் 120 சோதனைப் பட்டைகள் வேண்டும். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். தகரக் கூரை வீட்டில் சித்திரை வெயிலுக்கு இந்தத் தாய் ஈர மணலில் மண்பானை புதைத்து மருந்தைக் காக்கிறார்.

அண்ணல் அம்பேத்கரும் சர்க்கரை நோயோடு வாழ்ந்தவர், இன்சுலின் போட்டுக்கொண்டவர். மருத்துவரான சவிதா அம்பேத்கர் பக்கத்தில் இருந்து கவனித்தார். தன் குழந்தைகளில் நால்வரைச் சிறு வயதிலேயே இழந்த தகப்பனும் அவர்தான். ஒரு குழந்தையின் உயிர் நமக்குச் சின்ன விஷயம் அல்ல.

வழியே இல்லாமல் இல்லை. கேரள அரசு முதல் வகை சர்க்கரை நோயுள்ள குழந்தைகளுக்கு 'மிட்டாய்' என்ற பெயரிலேயே திட்டம் நடத்துகிறது. வகுப்பில் சர்க்கரை பார்க்கவும் இன்சுலின் போடவும் இடையில் சாப்பிடவும் அனுமதிக்க வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் 2023இல் மாநிலங்களுக்கு எழுதியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ரத்தம் உறையாமை அதில் உண்டு, இந்த நோய் இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை: ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பயிற்சி பெற்ற இருவர். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இன்சுலினும் பட்டைகளும் இலவசம். குளிர்பெட்டி இல்லாத வீட்டின் மருந்தை அங்கேயே வைத்து வாங்கிக்கொள்ள ஏற்பாடு. நம் பிள்ளைகளுக்கு நிதி எங்கே என்று கேட்டால், ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் 2024இல் வந்திருக்கிறது, அதைக் காட்டுவோம்.

அதுவரை? அந்தத் தெருவில் கல்லூரி படிக்கும் இருவர் ஊசி போடக் கற்றுக்கொண்டு மத்தியானம் மாறி மாறிப் பள்ளிக்குப் போகிறார்கள். குழந்தை இப்போது விடுப்பு எடுப்பதில்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு குழந்தை இருக்கலாம். தேடுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மனுவையும் கூடவே எழுதுங்கள். நாம் தாங்கிப் பிடிப்பதால் அரசின் கடமை தீர்ந்துவிடாது.

ஜெய்பீம்!