வேறு கல் இல்லாத தீவு

மாலத்தீவின் லாமு தீவுக்கூட்டத்தில் வடகிழக்கு முனையில் நீளவாக்கில் கிடக்கிறது இஸ்தூ. பவளப்பாறை மேல் மணல் சேர்ந்து உருவான, கடல்மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டரே உயர்ந்த தரை. தோண்டினால் கருங்கல் கிடைக்காது. விகாரையோ பள்ளிவாசலோ, எதைக் கட்டுவதானாலும் கடலில் இறங்கி முருகைக்கல்லைத்தான் பெயர்த்து வர வேண்டும்.

பௌத்தர்கள் அப்படி எழுப்பிய தூபி இன்று சிதைந்த மேடு. இந்த வட்டாரத்துத் தூபிகளை 1922இல் ஆராய்ந்து எழுதினார், இலங்கையின் தொல்லியல் ஆணையராக இருந்த ஹெச்.சி.பி. பெல். ராஜராஜன் வென்றதாக அவன் மெய்க்கீர்த்தி சொல்லும் பன்னீராயிரம் பழந்தீவுகள் மாலத்தீவே என்பது அறிஞர் பலரின் கருத்து. சோழர் படை வந்த நாளில் இது பௌத்த நாடு.

மாலத்தீவின் மன்னர் இஸ்லாத்தைத் தழுவிய ஆண்டு 1153 என்பது மரபு. மன்னர் மாறியதால் தென்தீவுகள் உடனே மாறிவிடவில்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட இஸ்தூ செப்பேடு, பழைய வழிபாட்டிடத்தை இடித்ததையும் பள்ளிவாசலுக்கு நிவந்தம் விட்டதையும் சேர்த்தே பதிகிறது. இவ்வட்டாரப் பிக்குகள் மாலேக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டதையும் அக்காலச் செப்பேடு மறைக்கவில்லை. வென்றவர்கள் பெருமையாக எழுதிவைத்ததே, தோற்றவர்கள் இங்கே வாழ்ந்ததற்கு வலுவான சாட்சியாகிவிட்டது.

கைவேலைக்கு மதமாற்றம் இல்லை. கடலிலிருந்து எடுத்த முருகைக்கல் ஈரத்தில் அறுக்க வசதியாக இருக்கும். வெயிலில் காய்ந்தால் இறுகும். மரத்தில் தச்சர் செய்வதுபோல் நாக்கும் காடியும் செதுக்கி, சாந்தே இல்லாமல் கோத்துவிடுவார்கள். பௌத்த காலத்தில் வேர்கொண்ட இந்த நுட்பத்தில்தான் இஸ்தூவின் பழைய பள்ளிவாசலும் எழுந்தது. அதற்கு வயது 300 ஆண்டுகளுக்கு மேல். மாலேயில் 1658இல் கட்டிய ஜும்ஆ பள்ளிவாசலில் தொழுகை வரிசைகள் சுவருக்கு இணையாக ஓடாமல் கோணலாக, மக்காவை நோக்கி ஓடுகின்றன. அந்த இடத்தில் முன்பிருந்த கோயிலின் அடித்தளம் வகுத்த திசையைக் கட்டடம் ஏற்றுக்கொண்டது; தொழுபவர்கள் தங்கள் வரிசையைத் திருப்பிக்கொண்டார்கள்.

2012 பிப்ரவரியில் மாலே தேசிய அருங்காட்சியகத்துக்குள் புகுந்த கும்பலுக்கு இந்தப் பக்குவம் இல்லை. முருகைக்கல்லில் செதுக்கிய புத்தர் தலையை நொறுக்கிப் போட்டது. 12ஆம் நூற்றாண்டில் இடித்தவர்கள் செய்தது கொடுமை. ஆயினும் அவர்கள் செய்ததை எழுதி வைத்தார்கள். 2012இல் உடைத்தவர்கள் விட்டுச்சென்றது வெறும் சில்லுகள்.

இஸ்தூ பள்ளிவாசல் 2013 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. அதே தீவின் தூபி மேட்டுக்கு அந்த மதிப்பு இல்லை. உயரும் கடல் இரண்டையும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. விகாரையை மறந்துவிட்டுப் பள்ளிவாசலை மட்டும் காத்தால், அந்தச் சுவரைச் செதுக்கிய கலை எங்கிருந்து வந்தது என்பதையே இழப்போம். இரண்டையும் ஒரே மரபாகக் காப்பதால் எவருடைய ஈமானும் குறையாது.