கம்பி தூங்கவில்லை!



ஜெனீவாவிலே ஓர் ஆய்வுக்கூடம். துகள்களை மோதவிட்டு, அண்டத்தின் கமுக்கத்தைத் துருவுகிறார்கள் அறிஞர்கள். 2010 முதல் அங்கே குவிந்த தரவுகள் மலைமலையாய்! அவை கடல் கடந்து, சிகாகோ அருகேயுள்ள ஃபெர்மி ஆய்வுக்கூடம் சேர்ந்தாக வேண்டும்.

பாதைக்குப் பஞ்சமில்லை. கண்ணாடி இழைக் கம்பியிலே ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் பாய்கிறது. போய்த் திரும்ப, ஒரு விநாடியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு போதும்! ஆனால், “இந்த நேரத்தில் இவ்வளவு கொள்ளளவை எங்களுக்கென ஒதுக்குங்கள்” என்று முன்னெல்லாம் கேட்டால் என்ன நடந்தது? வழியிலுள்ள ஒவ்வொரு வலையின் பொறியாளரோடும் பேசி, எழுதி, சரிபார்த்து — வாரங்கள் ஓடின! கம்பி தூங்கவில்லை, மேசை தூங்கிற்று!

ஏன் இந்தத் தொல்லை? வலை பெரிது, சந்திகள் பல. 1997-இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.வி.பி. என்னும் முறை, வழிநெடுக ஒவ்வொரு சந்தியிலும் அனுமதி கேட்டது; ஒவ்வோர் இணைப்பையும் ஏட்டில் ஏற்றி, 30 விநாடிக்கொரு முறை புதுப்பிக்கச் சொன்னது. பத்துப் பேருக்கு அது சரி. லட்சம் பேர் வந்தால்? சரக்கை அனுப்ப வேண்டிய சந்தி, கணக்கெழுதியே களைத்துப் போகும்!

வழி பிறந்தது. ஒரே திசையில் செல்வோரை எல்லையிலேயே ஒன்று சேர்த்து, நடுவழிக்கு ஒரே பதிவு என்றனர் 2001-இல். ஆளுக்கொரு சீட்டல்ல, பெட்டிக்கொரு சீட்டு! அமெரிக்க எரிசக்தித் துறையின் இ.எஸ்.நெட் வலையோ, 2004-இல் ஆஸ்கர்ஸ் என்ற மென்பொருள் பணியைத் தொடங்கிற்று. எங்கிருந்து, எங்கே, எவ்வளவு, எப்போது — நான்கே கேள்வி! வலையின் வரைபடமும் இருப்புக் கணக்கும் அதன் கையில். வாரக்கணக்கு, நிமிடக்கணக்காயிற்று!

வாழ்த்துவோம், ஆனால் விழிப்போடு வாழ்த்துவோம்! ஒருவருக்கு ஒதுக்கினால், மற்றவருக்கு அந்த அளவு குறையும். பணப்பை பெருத்தவன் முந்திக்கொண்டு வளைத்துப் பூட்டினால், விரைவான ஒதுக்கீடு விரைவான கொள்ளையாகிவிடாதா?

எனவே கேட்கிறோம்: ஒதுக்கீட்டுக்குக் காலவரம்பு வேண்டும். பயன்படாதது பொதுவுக்குத் திரும்ப வேண்டும். மருத்துவமனையின் அவசரத்துக்கும், தீயணைப்போர் அழைப்புக்கும் முதலிடம் வேண்டும். யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு ஊரறிய வேண்டும்.

விரைவு தேவைதான். அந்த விரைவு யாருக்கு என்பதே நம் கேள்வி!