கொடைக்கானலுக்கு காரா... பஸ்ஸா? இ-பாஸ் கட்டுப்பாட்டில் தாம்பரம்வாசிகளுக்கு இருக்கும் ஈஸியான வழி!

ஸ்கூல் லீவு விட்டாச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனாலே பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் ஜிஎஸ்டி ரோட்டில் பாதித் தூக்கம் போய்விடும். அப்படிப் போகும் கார்களில் கொடைக்கானல் போறவங்களும் கணிசம். ஆனால் முன்ன மாதிரி நினைச்ச நேரத்துக்கு வண்டியை எடுத்துட்டு மலையேற முடியாது.

என்ன கட்டுப்பாடு?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயமானது. அப்போது எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. பதிவு செய்தால் போதும், பாஸ் கிடைத்துவிடும். 2025 மார்ச்சில்தான் நீதிமன்றம் கடிவாளம் போட்டது. ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000. ஊட்டிக்கு 6,000, 8,000.

நீலகிரிக்கு மட்டும் சீசனில் தினமும் சுமார் 20,000 வாகனங்கள் வருவதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்குதான் இதற்கெல்லாம் தொடக்கம். 'வியாபாரம் படுத்துடும்' என்று மலை ஊர் வியாபாரிகள் எதிர்ப்பதிலும் நியாயம் இருக்கு. அவர்களுக்கு வருஷ வருமானமே இந்த சில மாசம்தான்.

இங்கேதான் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிக்கல. வரம்பு ஆட்களுக்கு இல்லை, வாகனங்களுக்குத்தான். அதிலும் அரசுப் பேருந்துகளுக்கு விலக்கு உண்டு. ஒரு பஸ்ஸில் வரும் 50 பேர் காரில் வந்தால், காருக்கு நாலு பேர் வீதம் 12, 13 கார் ஆகிடும்.

தாம்பரம்காரங்களுக்கு இது லட்டு மாதிரி. 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பக்கத்துலயே இருக்கு. அங்கிருந்து கொடைக்கானலுக்கு நேரடியாகவே அரசு விரைவுப் பேருந்து உண்டு. ரயில்தான் வசதின்னா, இரவில் தாம்பரத்தில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி கொடைக்கானல் ரோட்டில் இறங்கலாம். அங்கிருந்து மலைக்கு சுமார் 80 கி.மீ. வத்தலக்குண்டு போய் பஸ் பிடிக்கணும். கைக்குழந்தையோட போறவங்களுக்கு இது கொஞ்சம் அலைச்சல்தான்.

கார் இல்லாம எதைப் பார்க்கிறது?

உண்மையில் கொடைக்கானல் நடக்கிறதுக்குன்னே அமைஞ்ச ஊர். 1872-ல் போடப்பட்ட கோக்கர்ஸ் வாக், பஸ் ஸ்டாண்டில் இருந்து நடந்தே போகும் தூரம். மலை விளிம்பை ஒட்டி சுமார் ஒரு கி.மீ. பாதை. காலையிலேயே போயிடணும். வெயில் ஏறினா மேகம் வந்து பள்ளத்தாக்கை மூடிடும், டிக்கெட் எடுத்து வெள்ளைத் திரையைப் பார்த்துட்டு வரணும்!

ஏரியைச் சுற்றினா சுமார் 5 கி.மீ. பக்கத்துலயே பிரையன்ட் பூங்கா. இந்த மூணுக்கே ஒரு நாள் சரியா இருக்கும்.

கொஞ்சம் தெம்பு இருந்தா வட்டக்கானல் போய் டால்பின் நோஸுக்கு இறங்கலாம். போறப்ப இறக்கம், சுகமா இருக்கும். திரும்புறப்பதான் மூச்சு வாங்கும். தூண் பாறை, 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்துக்குப் பிறகு கூட்டம் கூடிய குணா குகை ரெண்டும் ஊருக்கு வெளியே. அதுக்கு உள்ளூர் டாக்ஸிதான் வழி. குணா குகையை வெளியே நின்னுதான் பார்க்க முடியும். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி தேவை.

உள்ளூருக்குள்ள சுற்றிப் பார்க்க போதுமான டவுன் பஸ் இல்லாதது பெரிய குறைதான். காரைக் கட்டுப்படுத்துற அரசு இதையும் சேர்த்துச் செஞ்சிருக்கணும்.

காரில்தான் போவேன்னு இருக்கறவங்க, ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி இ-பாஸ் கிடைக்குதான்னு பாருங்க. சனி, ஞாயிறை விட செவ்வாய், புதன் கூட்டம் குறைவு. பையில் ஸ்டீல் பாட்டில் மறக்காதீங்க. மலையில் சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை.