கள்ளிச்செடி நினைவுப்பொருள் அன்று

கேமரன் மலைக்குச் சென்று திரும்பும் பலருடைய வாகனத்தில் தேயிலைப் பொட்டலமும் ஸ்ட்ராபெரிப் பழமும் இருக்கும். அவற்றோடு உள்ளங்கை அளவுத் தொட்டியில் ஒரு கள்ளிச்செடியும் இருக்கும். தேயிலை சில வாரங்களில் தீரும். பழம் மறுநாளே முடியும். கள்ளிச்செடியோ பல ஆண்டுகள் வாழ வேண்டிய உயிர். ஆனால், கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ உள்ள அடுக்குமாடி வீட்டுக்குப் போன சில மாதங்களில் அது அழுகிக் குப்பைத் தொட்டிக்குச் செல்வது வழக்கமாகிவிட்டது. "பராமரிப்பே தேவையில்லாத செடி" என்று சொல்லி விற்பதும் அதை நம்பி வாங்குவதும்தான் இதற்குக் காரணம்.

கற்றாழை, ரணகள்ளி, திருகுகள்ளி, ஜேட் செடி போன்றவை இலையிலோ தண்டிலோ நீரைச் சேமித்து வைக்கும் சதைப்பற்றுள்ள செடிகள். வீட்டு வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட கற்றாழை, மண்ணே இல்லாமல் பல வாரங்கள் பசுமையாக இருப்பதைத் தமிழர் பலரும் கண்டிருப்பர். இச்செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கி, அமிலமாக மாற்றிச் சேர்த்து வைக்கும். இதனால் நீர் வீணாவதில்லை. இந்த விந்தைக்கு ஒரு தொடக்கத் தடயம் கிடைத்தது தென்னிந்தியாவில்தான். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹைன் என்னும் தாவரவியலாளர், ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் சுவையற்றுப் போவதையும் கவனித்து எழுதினார். அக்குறிப்பு 1815இல் லண்டனில் அச்சானது. (மாணவர்கள் இதைக் கடித்துச் சோதிக்க வேண்டியதில்லை, ரணகள்ளி இலையில் நச்சுப்பொருள் உண்டு.)

இத்தகைய செடிக்குக் கேமரன் மலை இயல்பான வீடன்று. ஜேட் செடியின் தாயகம் தென்னாப்பிரிக்கா. ரணகள்ளியின் தாயகம் மடகாஸ்கர். கேமரன் மலையிலோ ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மூடுபனியும் அடிக்கடி இறங்குகிறது. எனவேதான், கள்ளி வளர்க்கும் பண்ணைகளில் செடிகளை மழை படாமல் கூரையின் கீழ் வைத்திருக்கின்றனர். அந்தக் கூரையைப் பார்த்தவர்கூட, வீட்டுக்கு வந்ததும் தொட்டியைத் திறந்த மாடத்தில் மழையில் நனைய விடுகிறார்; அல்லது குளியலறைச் சன்னலில் வைத்து நாள்தோறும் நீர் ஊற்றுகிறார். தாகத்தால் மடியும் கள்ளியைவிட, அன்பு மிகுதியால் மடியும் கள்ளியே அதிகம்.

இதற்கான பாடம் அதே மலையின் தேயிலைச் சரிவுகளில் இருக்கிறது. போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கப்பட்டது. இந்த மலைச்சரிவுகளில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு பல தலைமுறைகளாகக் கலந்துள்ளது. தேயிலை மழையை விரும்பும் பயிர்; ஆயினும், அதன் வேரில் நீர் தேங்கினால் அதுவும் கெடும். சரிவில் பெய்த நீர் வடிந்து ஓடுவதாலேயே அது செழிக்கிறது. பாலைநிலச் செடியும் மழைநிலப் பயிரும் எல்லாவற்றிலும் மாறுபட்டாலும், வடிகால் வேண்டும் என்பதில் ஒன்றுபடுகின்றன. ஆகவே, அழகிய பீங்கான் கோப்பையைவிட, அடியில் துளையிட்ட பழைய பால்மாவு டின்னே கள்ளிக்கு நல்ல வீடு. அதில் தோட்டமண்ணை மட்டும் நிரப்பாமல் பருமணலும் சிறு கற்களும் கலக்க வேண்டும். மண் முழுவதும் காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். இலை சுருங்கினால் தாகம். மஞ்சளாகிக் குழைந்தால் நீர் மிகுதி. இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு, குழைந்த செடிக்கு மேலும் நீர் ஊற்றுபவர் பலர்.

உச்சியில் சிவப்பு அல்லது மஞ்சள் உருண்டையுடன் விற்கப்படும் கள்ளியைப் பற்றியும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். அது ஒரு செடியன்று. ஒட்டுக்கட்டிய இரண்டு செடிகள். மேலே உள்ள வண்ண உருண்டைக்குப் பச்சையம் இல்லாததால், தானே உணவு தயாரிக்க இயலாது. கீழே உள்ள பச்சைத் தண்டே அதற்கும் சேர்த்து உழைக்கிறது. இந்த இணைப்பு நெடுங்காலம் நீடிப்பது அரிது. இதை விற்பது தவறில்லை. சிறு வணிகர்களுக்கும் பிழைப்பு வேண்டும். சொல்லாமல் விற்பதே தவறு. தொட்டியில் ஒட்டும் விலைச்சீட்டில், நீரூற்றும் முறையை இரண்டு வரியில் எழுத எவ்வளவு செலவாகும்?

உண்மையில், தொடக்கநிலையில் இருப்பவர் இச்செடிகளுக்குப் பணம் செலவிடவே தேவையில்லை. ரணகள்ளியின் ஓர் இலையை ஈரமண்மீது வைத்தால், அதன் விளிம்பிலேயே குட்டிச்செடிகள் முளைக்கும். ஜேட் செடியின் கிளையை ஒடித்து, வெட்டுப்பகுதி காயச் சில நாள் நிழலில் வைத்துப் பிறகு நட்டால் வேர்விடும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது சிறு புதராகவே வளரும். அண்டை வீட்டாரிடம் கேட்டால் யாரும் மறுக்கப்போவதில்லை. திருகுகள்ளியை மட்டும் சிறுவர் உள்ள வீட்டில் வளர்க்காமல் இருப்பது நல்லது. ஒடித்தால் வடியும் அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலையும் பார்வைக் கோளாற்றையும் உண்டாக்கும். பட்டுவிட்டால் நீரால் நன்கு கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.