ரிப்போர்ட்டில் ‘செல் மாற்றம்’... பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்!

வெள்ளைப்படுதல் தொந்தரவுக்காக டாக்டரிடம் போகிறார் ஓர் இல்லத்தரசி. பாப் ஸ்மியர் எடுக்கிறார்கள். ரிப்போர்ட்டில் ‘அசாதாரண செல்கள்’ என்று வருகிறது. ‘கேன்சர்தான்’ என்று தானே முடிவுகட்டி, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் அதை பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிடுகிறார். பல பெண்கள் செய்யும் தவறு இதுதான்.

கர்ப்பப்பை வாய் செல்களில் மாற்றம் என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஹெச்.பி.வி வைரஸ் தொற்று உடலில் நீடிப்பதால் வரும் மாற்றம் இது. புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பல வருடங்கள் பிடிக்கும். லேசான முதல்நிலை மாற்றம், பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். இரண்டாம், மூன்றாம் நிலை என்றால் பொதுவாக சிகிச்சை தேவை.

அடுத்த பரிசோதனை, கால்போஸ்கோப்பி. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் தடவி, லென்ஸ் வழியாகப் பார்ப்பார்கள். மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் துளியளவு திசு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள்.

லென்ஸ்கூட இல்லாமல், அமிலம் தடவி வெறும் கண்ணால் பார்ப்பதும் பலன் தரும். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்து, 2007-ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. ஒரே ஒருமுறை பரிசோதித்து, தேவைப்பட்டவர்களுக்கு சிகிச்சை தந்ததிலேயே இந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணங்கள் 35 சதவிகிதம் குறைந்தன.

மாறிய செல்களை உறையவைத்து அழிப்பது க்ரையோதெரபி. மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அகற்றுவது ‘லீப்’. மரத்துப்போகும் ஊசி போட்டு, சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். கர்ப்பப்பையும் பத்திரமாக இருக்கும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பிறகு சில வாரங்களுக்கு நீர்போன்ற கசிவு, லேசான ரத்தக்கசிவு இருக்கலாம். டாக்டர் சொல்லும்வரை தாம்பத்யம், கனமான வேலைகள் கூடாது. காய்ச்சல், துர்நாற்றம், அதிக ரத்தப்போக்கு என்றால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

‘யாரிடமிருந்து வந்தது?’ என்ற கேள்வி சில வீடுகளில் பெரும் சண்டையாகிறது. இந்த வைரஸ் பல வருடங்கள் சத்தமில்லாமல் உடலில் இருக்கக்கூடியது. அதை வைத்து யார் ஒழுக்கத்தையும் எடைபோட முடியாது.

சிகிச்சை முடிந்தாலும் 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் டாக்டர் சொல்லும் நாளில் மறுபரிசோதனை அவசியம். பீரோவில் இருக்கும் ரிப்போர்ட்டை இன்றே வெளியே எடுங்கள். தனியாகப் போகத் தயக்கமா? கணவரையோ, அக்கா தங்கையையோ துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.