மேலிருந்து தெரியாத வீடுகள்

குமுளி கடைத்தெருவிலிருந்து பெரியாறு புலிகள் காப்பகம் நடந்து போகிற தூரம்தான். சரணாலயங்களைச் சுற்றிக் குறைந்தது 1 கிலோமீட்டர் பாதுகாப்பு வளையம் வேண்டும் என்று 2022 ஜூன் 3 அன்று சுப்ரீம் கோர்ட் சொன்னதும், அந்த மாதமே இடுக்கி மாவட்டம் கடையடைப்பில் இறங்கியது. வளையத்துக்குள் என்னென்ன இருக்கின்றன என்று கேரள அரசு சாட்டிலைட் மூலம் எடுத்த கணக்கு டிசம்பரில் வெளியானது. பல கட்டடங்களை அதில் காணோம். ஏலத்தோட்டம் என்றாலே மேலே நிழல்மரங்கள். அவற்றுக்கடியில் ஒதுங்கியிருக்கும் ஓட்டு வீடு வானத்திலிருந்து எப்படித் தெரியும்?

வரைபட சாஃப்ட்வேரை எவ்வளவு பெரிய சர்வரில் ஏற்றினாலும், எத்தனை முறை புதுப்பித்தாலும், விடுபட்ட வீடு தானாக முளைத்துவிடாது. கடைசியில் உள்ளூர் ஆட்கள் நேரில் போய்ச் செல்போனில் படமெடுத்து, இடத்தோடு சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. சர்வே எண்கள் எங்கே என்ற கூச்சலுக்குப் பிறகுதான் அவையும் வரைபடத்தில் ஏறின.

எல்லா இடத்துக்கும் ஒரே அளவு சரிவராது என்று 2023 ஏப்ரல் 26 அன்று கோர்ட் உத்தரவைத் தளர்த்தியது. கேரளம் 2022 நவம்பரில் தொடங்கிய டிஜிட்டல் நில அளவையில் ட்ரோன் பறப்பதோடு சரி என்று விடவில்லை. சர்வேயர்கள் கருவியோடு வயலிலும் வரப்பிலும் நடக்கிறார்கள்.